ரேடியோவை மழையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வயர்லெஸ் சென்ஸார் நெட்வொர்க்கில், அதாவது அளந்ததை ரேடியோ வழியே ஒன்றுக்கொன்று கடத்தும் சின்னப் பெட்டிகளின் (நோடுகளின்) வலையில், பேட்டரியை மிச்சப்படுத்தும் ரூட்டிங் (தகவல் போகும் வழியைத் தீர்மானிப்பது) பற்றி நானும் ப்ராஜெக்ட் செய்தவன்தான். மேட்லேப் மென்பொருளில் 100-க்கு 100 மீட்டர் கற்பனைத் திடல், அதில் 100 நோடு. 'லீச்' (LEACH) என்ற பிரபலமான ரூட்டிங் முறையில் ஒரு சின்ன மாற்றம், மேலேறும் ஒரு வரைபடம். வைவாவில் நல்ல மார்க் வந்தது. நிஜ பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

லீச்சின் மீது எனக்குக் குறை இல்லை. 2000-இல் அதை வெளியிட்ட மூவரில் ஆனந்த சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர்; ஹரி பாலகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் படித்தவர். மற்ற நோடுகளின் தகவலைத் திரட்டி அனுப்பும் தலைமை நோடு வேலையை எல்லா நோடுகளும் முறைவைத்துச் சுமக்க வேண்டும் என்ற அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

படித்து முடித்தபின், தெருவில் தண்ணீர் ஏறுவதை அளக்க வேளச்சேரியில் நண்பர்களோடு சில நோடுகளைக் கட்டினேன். ஆறாம் நாள் எல்லாமே அடங்கிவிட்டன. டேட்டாஷீட்டைப் பிரித்தால் பதில் அதிலேயே இருந்தது: எங்கள் நோடுகளில் இருந்த சிசி2420 என்ற ரேடியோ சிப் முழு வலுவில் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் எடுக்கிறது, சும்மா காதைத் திறந்து வைத்திருக்க 18.8. 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் 133 மணி நேரம்தான். நானோ ஒரு வருடம் முழுக்க அனுப்பும் செலவைக் குறைப்பதிலேயே மூழ்கியிருந்தேன்!

ரேடியோவைப் பெரும்பாலான நேரம் தூங்க வைத்தோம். வாரங்கள் ஓடின. பிறகு ஒரு மழைநாளில் எல்லாத் தகவலும் வந்து சேரும் கேட்வேக்குப் பக்கத்து நோடு போய்விட்டது. மூடியைத் திறந்தேன், சிலிகான் பசை பிளந்து, உள்ளே எறும்பு. மல்டிமீட்டரில் இரண்டு செல்லும் சேர்ந்து 1.9 வோல்ட். பின்னால் இருந்த அத்தனை நோடுகளின் தகவலையும் அதுதான் சுமந்திருக்கிறது. கால்வாய்க்கரை நோடின் பேட்டரியில் சார்ஜ் நிறையவே இருந்தது. தண்ணீர் ஏறியதை அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும், வாங்கி அனுப்ப ஆளில்லை.

2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. அந்தத் தகவல் எங்களுக்கு வராமல் போனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சிமுலேஷனை விடச் சொல்லவில்லை. அதோடு இரண்டே இரண்டு நோடையாவது வடகிழக்குப் பருவமழையில் வெளியே வைத்து, தினமும் வோல்ட் குறித்து ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பாதியில் செத்துப்போனால் ஏன் செத்தது என்று எழுதட்டும். அதற்கும் மார்க் போடுங்கள்.

என்னிடம் இன்னும் நான்கு நோடு பெட்டிகள் இருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்குள் கேட்டால், நானே துறைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்தவர்களில் ஒருவன்