கேழ்வரகு அளவு கிளிப்பும் அதை வைக்கச் சொன்னவர்களும்

எல்லாருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்து நாற்பது நாள் ஆகிறது. இடது கையை முழுசாகத் தூக்க வருகிறது, தையல் மெஷினில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன், இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் பார்த்தவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு உதவியவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதல் நன்றி எங்கள் ஊருக்கு வரும், வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கு. இந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அக்கா வந்தது என் மாமியாருக்கு பிபி பார்க்க. அவர் கிளம்பும்போது வாசல்வரைக்கும் போய் மெதுவாகச் சொன்னேன், மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, வலி எதுவும் இல்லை, நாலு மாதம் முன்னால் ஒரு இடத்தில் காட்டினேன், கொழுப்புக் கட்டிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார். "வலி இல்லைன்னு விடக் கூடாது கண்ணு, வலிக்காத கட்டியத்தான் சீக்கிரம் காட்டணும்" என்றார். மறுநாள் காலை அவரே என்னோடு பஸ் ஏறினார். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அக்கா மட்டும் அன்றைக்கு உள்ளே வராமல் போயிருந்தால் அது எட்டு மாதம் ஆகியிருக்கும்.

ஊசி டெஸ்டில் புற்றுநோய் என்று வந்தது, சேலம் போனோம். கட்டி நாலு சென்டிமீட்டர், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கலாம், அப்புறம் ஆபரேஷன், மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்காது என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். கீமோவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தான் அந்த ரேடியாலஜி டாக்டரம்மா என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "கிளிப் வெச்சாச்சாம்மா?" என்று கேட்டார். என்ன கிளிப் என்றே எனக்குத் தெரியாது. அவரே போனை எடுத்துக் கீழே பேசி, கீமோவை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் பதறிவிட்டார், ஏற்கெனவே லேட், இன்னும் தள்ளுவதா என்று.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். கீமோ நன்றாக வேலை செய்தால் கட்டி கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த இடத்தில் நோய் அணுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மிச்சம் இருக்கலாம், அதனால் கட்டி கரைந்தாலும் அது இருந்த இடத்தை வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த இடம் என்று தெரியாவிட்டால் எதை வெட்டுவது? அதனால் கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே அதன் நடுவில் ஒரு அடையாளம் வைத்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர், "நெலத்துல அளவுக்கல்லு நடுற மாதிரிங்களா? வெள்ளம் வந்து வரப்பு போனாலும் கல்லு சொல்லுமே" என்றார். "அதேதாங்க" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் பயம் கொஞ்சம் இறங்கியது.

அந்தக் கிளிப்பை எனக்குக் காட்டினார்கள். டைட்டானியம், மூன்று மில்லிமீட்டர் இருக்கும், இரண்டு கேழ்வரகு மணியை ஒட்டி வைத்த மாதிரி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசி வழியாக உள்ளே விட்டார்கள். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்தார்கள். அதற்கான பணத்தைக் கையில் கொடுத்த என் நாத்தனாருக்கு நன்றி. கம்மலை அடகு வைத்த விஷயத்தை எட்டு மாதம் சொல்லவே இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோ. முதல் நாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்தக் கீமோ மருந்து. ஒவ்வொரு முறையும் காரில் கூட்டிப்போன எதிர்வீட்டுத் தம்பி டீசல் காசுக்கு மேல் வாங்கவில்லை. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எனக்குக் குமட்டும், அவ்வளவு லாரிக்கு நடுவிலும் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்பார். தம்பி, அதை நான் மறக்க மாட்டேன்.

டாக்டரம்மா சொன்னபடியே ஆனது. எட்டாவது கீமோ முடிந்து பார்த்தால் கட்டி இல்லை. சர்ஜன் அழுத்தித் தேடினார், நானும் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. ஸ்கேனில் அந்தச் சின்னப் புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஆபரேஷன் அன்று காலை, மேமோகிராம் மெஷினில் மார்பை அழுத்தி வைத்து, சர்ஜனுக்கு வழி காட்ட, கிளிப் இருக்கும் இடத்துக்கு ஊசி வழியாக மெல்லிய கம்பி ஒன்றை விட்டார்கள். கம்பி நுனியில் தூண்டில் மாதிரி ஒரு வளைவு, நகராமல் பிடித்துக்கொள்ள. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி எதிலும் படாமலிருக்க ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டினார்கள். அந்த நேரம் முழுக்க என் வலது கையை விடாமல் பிடித்திருந்த நர்ஸ் தங்கச்சிக்கு நன்றி. தலை சுற்றுகிறது என்று நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துச் சர்க்கரை போட்ட தண்ணீர் கேட்டவர், ஆபரேஷன் இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று நினைவு வந்ததும் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

மற்ற இடங்களில் கம்பிக்குப் பதிலாகக் காந்த விதை (விதை மாதிரி ஒரு சின்னத் துண்டு) வைப்பார்களாம், சில நாடுகளில் கொஞ்சமாகக் கதிரியக்கம் உள்ள அயோடின் விதையும் உண்டாம். பல நாள் முன்பே வைத்துவிடலாம், ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கருவியைக் காட்டினால் பக்கத்தில் போகப் போகச் சத்தம் கூடுமாம். கம்பியை அன்றைக்கே வைத்து அன்றைக்கே வெட்ட வேண்டும், இடம் நகர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம பக்கத்துக்கும் அந்த விதை சீக்கிரம், கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும். எனக்குக் கம்பியே போதுமானதாக இருந்தது.

சர்ஜன் ஐயா வெட்டி எடுத்த சதையில் நீள நூல் ஒன்றும் குட்டை நூல் ஒன்றும் தைத்து அனுப்பினாராம், எது மேல்பக்கம் எது வெளிப்பக்கம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய. தைக்கிறவளுக்கு அது உடனே புரிந்தது. அந்தச் சதையை எக்ஸ்ரே எடுத்து, கிளிப் உள்ளே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். அந்தச் சதை இருந்த டப்பாவை எக்ஸ்ரேவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய டெக்னீஷியன் தம்பியை நான் பார்க்கவில்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்து, "கெடச்சிருச்சுங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தியேட்டருக்குள் போனாராம். நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

வெட்டி எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மார்பு இருக்கிறது.

தம்பி, உங்கள் பெயர் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது நீங்கள்தான் என்றால், உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனி மாதம் செக்கப்புக்கு வருகிறேன், தோட்டத்துச் செந்தூரா ஒரு கூடை எக்ஸ்ரே ரூமில் வைத்துவிட்டுப் போவேன். டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கூடை.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து,
தையல்கார அக்கா