வெள்ளிக்கிழமை மாலை விடுதலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், நம் விடுதிக் காலத்துச் சாவிக்கொத்து அம்மாளை நீ மாட்டுத்தாவணியில் பார்த்துப் பேசியதையும் படித்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பாஸ்டனில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. போதைப் பழக்கத்திலிருந்து மீள நான் நடத்தும் பகல்நேரச் சிகிச்சைக் குழுவில் இருந்த ஒருவர் சென்ற மாதம் இறந்துபோனார். வீட்டில் சொன்னேன், அலுவலகத்தில் அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் யாரிடமும் முழுதாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ முன்பொரு முறை தொலைபேசியில், "பகலில் வைத்தியம் பார்த்துவிட்டு ராத்திரியில் தெருவில் விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டாய். ஒரே வரியில் கேட்டு மூன்று வாரத் தூக்கத்தைக் கெடுப்பது விடுதிக் காலத்திலிருந்தே உன் வழக்கம். அன்று எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வேலையின் அருமை உனக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அந்த அருமையை இப்போதும் நான் மறுக்க மாட்டேன். வீடற்றோர் காப்பகங்கள் பலவற்றில் இரவுக்கு மட்டும்தான் படுக்கை. காலையில் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள், மாலையில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இடைப்பட்ட பத்து மணி நேரத்தையும் நடைபாதையில் கழிக்கும் ஒருவர், தனக்குப் போதைப்பொருள் விற்றவர்களின் கண் முன்னாலேயே அதைக் கழிக்கிறார். பகல்நேரச் சிகிச்சை அந்த மணி நேரங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வந்து போவது ஒரு நிலை, இருபது மணி நேரமோ அதற்கு மேலோ இருப்பது அதற்கு அடுத்த நிலை என்று இங்கே வகுத்திருக்கிறார்கள், எங்களுடையது இரண்டாவது. காலையில் மருந்து, பிறகு குழுப் பேச்சு, சிறுநீர்ப் பரிசோதனை, ஆசை எழும்பும் வேளையில் என்ன செய்வது என்ற ஒத்திகை, மதியச் சாப்பாடு. அதற்குப் பிறகு, தொலைந்துபோன அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதுவது. இதையே வாரத்தில் இரண்டு நாள் ஒரு கவுண்டிச் சிறையிலும் (நம் ஊர் மாவட்டச் சிறை மாதிரி) நடத்துகிறோம். நடுவில் தலை எண்ணுவதற்காகக் காவலர் வருவார். அப்போது பேசிக்கொண்டிருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும் எழுந்து நிற்கத்தான் வேண்டும்.

இறந்துபோனவரை அங்கேதான் அறிந்தேன். நாற்பதைத் தாண்டியவர், வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி. ஏணியிலிருந்து விழுந்து முதுகு உடைந்தபோது கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி, ஹெராயினுக்குப் போய், கடைசியில் அதைவிடப் பன்மடங்கு வீரியமான ஃபென்டனிலில் வந்து நின்றவர். விசாரணைக் கைதியாக இருந்த ஐந்து மாதமும் ஒரு நாள்கூடக் குழுவுக்கு வராமல் இருந்ததில்லை. சிறையில் அவருக்குத் தினமும், அந்த ஆசையை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது பெரிய மாற்றம் என்பதை நீ அறிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பெரும்பாலான சிறைகள், வெளியில் ஒழுங்காக இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவரைக்கூட உள்ளே வந்ததும் நிறுத்தச் சொல்லி, நடுங்கியும் வாந்தியெடுத்தும் கிடக்க விட்டுவிடும். எங்கள் மாநிலமான மாசசூசெட்சில் ஒருவர், இதே வேலையைச் செய்யும் மெத்தடோன் என்ற மருந்து தமக்குச் சிறையில் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்து, 2018 நவம்பரில் கூட்டரசு நீதிபதியின் ஆணையைப் பெற்றார். அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி, 2019 முதல் சில கவுண்டிச் சிறைகளில் இந்த மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். எவரும் எதிர்பாராத வகையில் வழக்கு அன்றே முடிந்து, பிற்பகலில் நீதிமன்ற வாசலிலிருந்தே அவரை விடுவித்துவிட்டார்கள். அவருடைய பையும் அடையாள அட்டையும் சிறையிலேயே இருந்தன. சிறை வழியாக வெளியே வந்திருந்தால் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டிய மருந்தும், மருந்துச் சீட்டும் அங்கேயே தங்கிவிட்டன. எங்கள் மையத்தில் அவருக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தது. வெள்ளி இரவு காப்பகத்துக்கு வந்திருக்கிறார். படுக்கை இல்லை, வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். சனியும் ஞாயிறும் எங்கள் கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு இரவு ஓர் உணவகத்தின் கழிப்பறையில் அவரைக் கண்டெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வழக்கு இருக்கிறது என்பதை வியாழக்கிழமை அவரே என்னிடம் சொன்னார். "திங்கட்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்தவரிடம் போய்விட்டேன்.

எனக்குத் தெரியாத ஆபத்தாக இருந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. மாதக்கணக்கில் போதைப்பொருள் படாத உடம்பு பழைய தாங்குதிறனை இழந்துவிடுகிறது. முன்பு சாதாரணமாக எடுத்துக்கொண்ட அளவே மூச்சை நிறுத்திவிடுகிறது. 1999 முதல் 2003 வரை வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு, அளவுக்கு மீறிய போதையால் இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் 2016இல் சிறைக்குள் மருந்து கொடுக்கத் தொடங்கி, வெளியே வந்ததும் அதே மருந்தை வெளியிலுள்ள மருத்துவ நிலையத்தில் தொடரவும் ஏற்பாடு செய்தார்கள். 2016இன் முதல் ஆறு மாதத்தில், அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களில் இப்படி இறந்தோர் 26 பேர். அடுத்த ஆண்டு அதே ஆறு மாதத்தில் 9 பேர். இந்த எண்களைப் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பில் எழுதிக் காட்டுபவள் நான்தான். எழுதிக் காட்டிய கைதான் அந்த வியாழக்கிழமை நாட்குறிப்பை மூடி வைத்தது.

இரவைப் பற்றிய உன் கேள்விக்கு வருகிறேன். அலபாமாவின் பர்மிங்காமில் ஜெஸ்ஸி மில்பி என்பவரும் அவருடைய குழுவினரும் கோகெய்னுக்கு அடிமையான வீடற்றோருக்குப் பகல்நேரச் சிகிச்சை அளித்து, கூடவே வீடும் கொடுத்துப் பார்த்தார்கள். பரிசோதனையில் போதைப்பொருள் தென்படாதவரை வீட்டில் இருக்கலாம். தென்பட்டால் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டும். மறுபடி சுத்தமானால் வீடும் மறுபடி கிடைக்கும். பிறகு 196 பேரை மூன்றாகப் பிரித்து, நிபந்தனையோடு வீடு, நிபந்தனையில்லாமல் வீடு, சிகிச்சை மட்டும் என்று ஒப்பிட்டார்கள். 2005இல் வெளியிட்டார்கள். நிபந்தனையோடு வீடு பெற்றவர்கள் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாகப் போதையிலிருந்து விலகி இருந்தார்கள், ஆனால் நிபந்தனையில்லாமல் வீடு பெற்றவர்களைவிட அதிகமாக அல்ல. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் நிபந்தனையின் பக்கம் நின்றவள். வீட்டைப் பரிசாக வைத்தால்தான் மனிதர் முயல்வார் என்று நம்பினேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிய ஒருவரிடம் நான் என்ன நிபந்தனை பேசியிருப்பேன்?

இந்த ஊருக்கு இது தெரியாததும் அல்ல. பாஸ்டனில் 2003 முதல் 2008 வரை வீடற்ற பெரியவர்களின் இறப்புகளைக் கணக்கெடுத்தபோது, புற்றுநோயையும் இதய நோயையும் முந்திக்கொண்டு அளவுக்கு மீறிய போதைதான் முதலிடத்தில் இருந்தது. இருந்தும் 2014 அக்டோபரில், துறைமுகத்திலுள்ள லாங் ஐலண்டுக்குப் போகும் பாலம் பழுதடைந்தது என்று ஒரே நாளில் மூடியபோது, அந்தத் தீவில் அடுத்தடுத்து இருந்த காப்பகத்தையும் போதை மீட்பு விடுதிகளையும் சேர்த்தே இழந்தோம். நூற்றுக்கணக்கானோர் உடுத்திய உடையோடு பேருந்தில் ஏற்றப்பட்டார்கள். எனக்கு மிகுந்த ஆற்றாமை தருவது பணம் பிரிந்து கிடக்கும் விதம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், 1965இல் தொடங்கிய நாளிலிருந்தே சிறையில் இருப்பவரின் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் கொடுக்காது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. வாசலைக் கடக்கும் அந்த நாள் இரண்டிலும் இல்லை. 2023இல்தான் விடுதலைக்கு முந்தைய தொண்ணூறு நாள்களுக்குப் பணம் தர முதன்முதலாகக் கலிபோர்னியாவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் விடுதலை நாள் எது என்று யாருக்கும் தெரியாத விசாரணைக் கைதிக்குத் தொண்ணூறு நாளை எங்கிருந்து எண்ணுவது?

நாங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். வழக்கு நாள்களைக் கேட்டு ஒரு பலகையில் எழுதுகிறோம். நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொருவரின் வழக்கறிஞரிடமும் எங்கள் கைப்பேசி எண்ணும், அளவுக்கு மீறிய போதையால் மூச்சு நின்றவருக்கு மூக்கில் அடிக்கும் முறிவு மருந்தான நலாக்ஸோனும் இருக்கிறது. சனிக்கிழமை திறந்து வைக்க இருவர் முன்வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

உன் தம்பியைப் பற்றி நீ எழுதிய பத்தியை இத்தனை நாள் பதில் இல்லாமல் வைத்திருந்தது தவறு. அவன் தினமும் குடிப்பவனாக இருந்தால் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்யாதே. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீயே கூட்டிக்கொண்டு போ. எங்கே சேர்த்தாலும், அனுப்பும் நாளில் அடுத்த மருந்தை யார் கொடுப்பார்கள், முதல் வாரம் அவன் யாரோடு இருப்பான் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கு. திட்டாமல் கேள், தோழி. நீ திட்டினால் அவன் உன்னிடம் மறைப்பான்.

மாசியில் வருகிறேன், பத்து நாள் இருப்பேன். சாவிக்கொத்து அம்மாளின் முகவரியை வாங்கி வை. இருவருமாகப் போய்ப் பார்ப்போம். அதற்கு முன் தம்பியின் நிலையை இரண்டு வரியாவது எழுது. இந்த முறை உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழி