குளமும் ராங்கியும்

மச்சான்,

சுகமா இருக்கிறியே? இஞ்ச ஒரே மழை. இரணைமடுக் குளம் நிரம்பி வான் கதவு திறந்தாச்சு, முந்தநாள் நானும் போய்ப் பாத்தனான், சனம் கச்சான் கொறிச்சுக்கொண்டு திருவிழா மாதிரி நிக்குது.

நான் எழுத வந்தது வேற. போன கிழமை வாட்சப்பில உன்ர மகளோட கதைக்கேக்க, பிள்ளைக்கு விளங்கட்டும் எண்டு இங்கிலீசில, எங்கட வீடு ராங்குக்குக் (tank) கிட்ட எண்டு சொல்லிப்போட்டன். அவள் கொஞ்ச நேரம் பேசேல்ல, பிறகு மெல்லமா, "மாமா, ஆமி அதை இன்னும் எடுத்துக்கொண்டு போகேல்லையோ?" எண்டாள். எனக்கு டக்கெண்டு விளங்கேல்ல, விளங்கினாப் பிறகு பதில் சொல்ல வரேல்ல.

அவள் ஆமியின்ர சண்டை வண்டியை நினைச்சிட்டாள், அவளில பிழையில்ல. குளத்தை ராங்க் எண்டுறது எங்கட பக்கத்து இங்கிலீஸ். சொல்லே இந்தப் பக்கத்தால போனதுதானாம், குஜராத்தியில டாங்கு எண்டா நிலத்துக்குக் கீழ தண்ணி சேக்கிற தொட்டி, போர்த்துக்கீசன்ர டாங்கேயும் அதோட கலந்திருக்கு. 1600களில வெள்ளைக்காரன்ர வாயில ஏறி, பிறகு பெற்றோல் ராங்க், மீன் ராங்க் எண்டு பெருகிப்போச்சு. நீச்சல் குளத்தையும் ஒரு காலம் அப்பிடித்தான் சொன்னவங்கள், அதுக்க இறங்கப் போட்ட கையில்லாத உடுப்பாலதான் உன்ர மகள் போடுற ராங்க் ரொப்புக்கும் அந்தப் பேர்.

சண்டை வண்டிக்கு வந்தது சுத்தப் பொய்ப்பேர் மச்சான். முதலாம் உலகப்போரில பிரிட்டிஷ்காரன் களவா அதைச் செய்யேக்க, ஆரும் கேட்டா தண்ணித்தொட்டி எண்டு சமாளிக்கத்தான் ராங்க் எண்டு வைச்சவங்கள். 1916 செப்டெம்பர் 15, பிரான்சில சொம் சண்டையில இறக்கினாப் பிறகு இனி என்ன ரகசியம், ஆனா பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுது.

எங்கட சனம் கெட்டிக்காரர், குளம் குளம்தான், கூரைக்கு மேல கறுப்பா நிக்கிறது தண்ணித்தாங்கி, மற்றது ராங்கி. தண்ணியைத் தாங்கிறதாலதான் தாங்கி எண்டு நான் கனகாலம் நம்பிக்கொண்டிருந்தனான், இப்பவும் அதுதான் பிடிச்சிருக்கு. கிளிநொச்சி றோட்டுக்கரையில சரிஞ்சு கிடந்த தாங்கி ஞாபகம் இருக்கோ? சண்டை முடிஞ்சு எத்தினை வருசம் அப்பிடியே கிடந்தது, உடைஞ்ச கொங்கிறீட்டுக்குள்ளால கம்பியெல்லாம் தெரிய, பஸ்ஸில வாற சனம் இறங்கி நிண்டு படம் எடுக்கும்.

மகளிட்டச் சொல்லு, மாமா வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது 1920 இல கட்டி முடிச்ச ராங்க், அதுக்க விரால்தான் ஓடுது எண்டு. ஆடி லீவில வராதேங்கோ, தண்ணி வத்திப்போயிருக்கும். மார்கழிக்கு ரிக்கெற் போடு.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக் கூட்டாளி