கருந்துளையின் அதிர்வு அடங்கும் விதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கருந்துளைகள் மோதும்போது வெளியில் பரவும் ஈர்ப்பலைகளைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘ஐன்ஸ்டைன் மீண்டும் வென்றார்’ என்று தலைப்பிடுவது நம் நாளிதழ்களுக்கு வழக்கமாகிவிட்டது. எந்தச் சோதனையில் வென்றார், எதிரே நின்ற மாற்றுக் கோட்பாடு எது என்பதையும் எழுதினால் வாசகருக்குப் பயன்படும்.

மண்பானை வாங்குபவர் அதைச் சுண்டி ஓசை கேட்பார். இரு கருந்துளைகள் மோதிப் பிறக்கும் புதிய கருந்துளையும் அவ்வாறே அதிர்ந்து அடங்குகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவிலுள்ள லைகோ என்னும் ஈர்ப்பலை உணர்கருவிகள் பதிவுசெய்த மோதலில் எஞ்சிய கருந்துளைக்கு ஏறத்தாழ 62 சூரிய நிறை. அதன் அதிர்வு சுமார் 250 ஹெர்ட்ஸ். 4 மில்லிநொடிக்குள் அதன் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்தது. இத்தகைய அதிர்வை 1970இல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூர்க்காரரான சி. வி. விசுவேசுவரா என்பதை நம் செய்திகள் ஏனோ சொல்வதில்லை. கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பினால் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு ஒற்றை, இரட்டை எனப் பிரிக்கப்படும் இருவகை அதிர்வுகளுக்கும் சமன்பாடுகள் வேறானாலும் சுரம் (அதிர்வெண்ணும் அடங்கும் வேகமும்) ஒன்றே என்று, சுழலாத கருந்துளைக்கு, 1975இல் இயற்பியலாளர்கள் சந்திரசேகரும் டெட்வைலரும் காட்டினர்.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டைத் திருத்தி எழுதிய மாற்றுக் கோட்பாடுகள் பலவற்றில் இந்த ஒற்றுமைதான் குலைகிறது. அவற்றுள் ஒன்றான டைனமிக்கல் செர்ன்–சைமன்ஸ் கோட்பாட்டில், சுழலாத கருந்துளை அமைதியாக இருக்கும்வரை ஐன்ஸ்டைன் சொன்ன கருந்துளையேதான். ஆனால் அதைக் கலைத்துவிட்டால், மறைந்திருந்த ஸ்கேலார் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையற்ற ஓர் எண் மதிப்பு மட்டுமே கொண்ட புலம்) ஒற்றை வகை அதிர்வோடு மட்டும் பிணைந்து, இரு சுரங்களையும் பிரித்துவிடுகிறது. அதாவது, சுண்டிப் பார்க்காமல் இந்தப் பானையின் குணம் தெரியாது.

ஸ்கேலார் புலம் இணைந்த மற்றொரு மாற்றுக் கோட்பாடான காஸ்–போனே கோட்பாட்டிலோ, கருந்துளை சிறுக்கச் சிறுக்கத் திருத்தம் பெருகுகிறது. ஆகவே 60 சூரிய நிறையுள்ள கருந்துளை ஐன்ஸ்டைனுக்கு இணங்கியதால் 10 சூரிய நிறையுள்ளதும் இணங்கும் என்று அடித்துச் சொல்ல இயலாது. சிறியதன் அதிர்வோ 1,200 ஹெர்ட்ஸையும் தாண்டும்; அங்கே கருவிகளின் இரைச்சல் மிகுதி. 2025 ஜனவரி 14 அன்று கிடைத்த, அதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவான பதிவில் அடிப்படைச் சுரமும் அதன் மேற்சுரமும் பிரித்தறியப்பட்டு, சுழலும் கருந்துளைக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1963இல் கணிதவியலாளர் கெர் கண்ட தீர்வுக்கு அவை பொருந்தின. பெரிய சாதனைதான், எனினும் அங்கும் எஞ்சியது கனத்த கருந்துளையே.

எனவே, இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, எஞ்சிய கருந்துளையின் நிறையையும் அளவீட்டின் பிழை வரம்பையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி