நோபிள் ஜான்சனுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

மௌனப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகத்தாருக்கும், அவற்றைத் திரையிடும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

'கிங் காங்' (1933) படத்தை எத்தனையோ முறை திரையிட்டிருப்பீர்கள். தீவில் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஒளிந்து நின்று பார்ப்பதை இறகுக் கிரீடம் வைத்த தலைவன் கண்டுகொள்கிறான். ஒரே அதட்டல், எல்லாம் நின்றுவிடுகிறது. பொன்னிறக் கூந்தல்காரியைப் பார்த்ததும் பேரம் தொடங்குகிறது: என் பெண்கள் ஆறு பேரைத் தருகிறேன், அவளை எனக்குக் கொடு. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பாஷையில், தாய்மொழியில் மாடு விலை பேசுகிறவரின் நிதானத்தோடு அதைச் சொல்கிறார் அந்த நடிகர். படம் முடிந்ததும் பெரும்பாலும் குரங்குப் பொம்மையைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பொம்மையை அசைய வைத்த வில்லிஸ் ஓ'பிரையனின் கைவேலையை, நாயகி ஃபே ரேயின் அலறலைப் பேசுவோம். தலைவனாக வந்த நோபிள் ஜான்சனைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அவருக்காகத்தான் இந்த மடல்.

1881-ல் மிசூரி மாநிலத்து மார்ஷல் ஊரில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். அப்பா குதிரை பழக்குகிறவர். குடும்பம் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆயிரம் முகம் கொண்ட நடிகர் என்று பேரெடுத்த லான் சேனியும் அந்த ஊர்ப் பையன்தான், பள்ளித் தோழன். ஜான்சன் சினிமாவுக்குள் வந்தது தற்செயல். 1914-ல் லூபின் என்ற சினிமா கம்பெனி கொலராடோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, செவ்விந்தியராக நடிக்க வேண்டியவருக்கு அடிபட்டுவிட்டது. குதிரையேற்றம் தெரிந்த, ஆறடிக்கு மேல் உயரமான இவரைப் பிடித்துப் போட்டார்கள். வெளிர் நிறம். அக்காலத்துக் கறுப்பு வெள்ளை பிலிமில் எந்த நாட்டுக்காரனாகவும் மாறக்கூடிய முகம்.

1915-ல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் காமாந்தகர்களாகக் காட்டிய படம். மறு வருஷமே ஜான்சனும் நண்பர்களும் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார்கள், தலைவர் ஜான்சன். முதல் படத்தில் அவர், கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்லூரியில் படித்த இன்ஜினியர். கலிஃபோர்னியா எண்ணெய் வயலில் நிறத்தைக் காட்டி வேலை மறுக்கிறார்கள். மிரண்டு ஓடும் குதிரை வண்டியிலிருந்து முதலாளி மகளைக் காப்பாற்றிய பிறகு வேலை கிடைக்கிறது. பிறகு, தன் அப்பாவின் நிலமும் இதே மாதிரி மண்தானே என்று ஊருக்குத் திரும்பித் தோண்டினால், அங்கேயும் எண்ணெய்! கதை கொஞ்சம் பூச்சுற்றல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1916-ல் ஒரு கறுப்பினத்தவர் திரையில் நிலத்தை அளந்து, கணக்குப் போட்டு, பணக்காரராகி, விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொள்வதைப் பார்த்த கூட்டம் எப்படிக் கைதட்டியிருக்கும்! அடுத்து வந்த 'ட்ரூப்பர் ஆஃப் ட்ரூப் கே' அமெரிக்க ராணுவத்தின் கறுப்பினப் படையான பத்தாம் குதிரைப்படை மெக்ஸிகோவில் நடத்திய கரிசால் சண்டையை வைத்து எடுத்தது. ஊதாரியாகத் திரிந்து, பட்டாளத்தில் சேர்ந்து, கேப்டனைக் காப்பாற்றும் ஜோவாக அவர்தான் நடித்தார்.

லிங்கனில் அவர் சம்பளம் வாங்கவில்லை. யுனிவர்சல் கம்பெனியில் கிடைத்த கூலியில்தான் ஜீவனம். அதில் ஒரு பங்கு லிங்கனுக்கும் போனது. யுனிவர்சலின் தொடர் படங்கள் ஓடிய தெருவிலேயே லிங்கன் படமும் ஓடியபோது, ஜனம் லிங்கன் பக்கம் போனது. இரண்டிலும் ஒரே முகம்! 1918-ல் யுனிவர்சல் நெருக்கியது, ஜான்சன் லிங்கனை விட்டு விலகினார். சில வருஷங்களில் கம்பெனியும் மூடப்பட்டது.

பிறகு 1950 வரை ஹாலிவுட்டில் அவர் போடாத வேஷம் இல்லை. ராபின்சன் குரூசோவின் ஃப்ரைடே, 'தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924) படத்தில் இந்திய இளவரசன், பஸ்டர் கீட்டனைத் துரத்தும் நரமாமிசத் தலைவன், 'மோபி டிக்'கின் (1930) ஈட்டி எறியும் திமிங்கில வேட்டைக்காரன் குவீக்வெக், 'மம்மி'யில் (1932) நூபிய வேலைக்காரன், நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் படத்தில் ஜாம்பி என்னும் நடைப்பிணம், ஜான் ஃபோர்டின் படத்தில் செவ்விந்தியத் தலைவன். பல வேஷங்கள் இழிவானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1932) படத்தை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மனிதர்களை வேட்டையாடும் ஒரு பிரபுவின் கதை. அதில் அவர் தாடி வைத்த ரஷ்யக் கொசாக் வேலைக்காரன், பெயர் இவான், ஊமை. வெள்ளை நிறம் பூசியிருக்கிறார்கள்! வந்த விருந்தாளியிடம் சிரித்துக் காட்டு என்று எஜமான் சொல்கிறான். இவான் உதட்டை இழுத்துப் பார்க்கிறான். வாய்தான் சிரிக்கிறது, கண் அசையவில்லை. ஒரு வசனம் கிடையாது, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த ஒரு முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதே சமயத்தில் 'கிங் காங்' படப்பிடிப்பும் அதே காட்டு செட்டில் நடந்தது. இங்கே ரஷ்யன், அங்கே தீவுத் தலைவன்.

அவர் நாயகனாக நடித்த லிங்கன் படங்களில் ஒன்றுகூட முழுதாகக் கையில் இல்லை. அவர் விலகிய பிறகு வந்த 'பை ரைட் ஆஃப் பர்த்' (1921) படத்தில் சில நிமிடத் துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. கம்பெனியின் கதையே நமக்குத் தெரிவது அவர் தம்பி ஜார்ஜ் புண்ணியத்தில். ஒமாஹாவில் தபால் இலாகா வேலை பார்த்துக்கொண்டே படங்களை ஊர் ஊராக அனுப்பியவர், கடிதம், விளம்பரம், பத்திரிகை நறுக்கு என்று ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அவை இப்போது லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஜார்ஜின் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு படச்சுருளைத் தேடுங்கள். எந்தெந்த ஊர், எந்தெந்தத் தியேட்டருக்குப் பிரதிகள் போயின என்ற தடயம் அங்கே கிடைக்கும். கனடாவின் டாசன் நகரத்தில் 1978-ல் மண்ணுக்கடியிலிருந்து நூற்றுக்கணக்கான சுருள்கள் வந்தன, நியூசிலாந்திலிருந்து ஜான் ஃபோர்டின் காணாமல் போன படம் வந்தது. ஆகவே பேர் எழுதாத டப்பாக்களைத் திறந்து பார்ப்பது வீண் வேலை ஆகாது. சுருள் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இருக்கிற படங்களை வைத்து ஒரு வாரம் அவர் பெயரில் திரையிடுங்கள். முதல் நாள் இவானையும் தீவுத் தலைவனையும் அடுத்தடுத்துப் போடுங்கள். லிங்கன் விளம்பரங்களைப் பெரிதாக்கித் தியேட்டர் வாசலில் ஒட்டுங்கள். உங்கள் பட்டியல்களில், டைட்டிலில் பேர் வராத அவருடைய வேஷங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

1978 ஜனவரியில், 96 வயதில், கலிஃபோர்னியாவின் யுகைபாவில் அவர் காலமானார். 2028-ல் ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த வருஷத்து நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்க இப்போதே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய படங்களின் ரசிகன்