வாரத்துக்கு ஒரு கவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் பணம் பற்றி வரும் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். எந்த கிரெடிட் கார்டில் என்ன சலுகை, எவ்வளவு பாயின்ட் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கார்டை எடுத்து வைத்துவிட்டு ரொக்கத்தில் குடும்பம் நடத்துவதைப் பற்றியும் ஒரு முறை எழுத வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரும் சம்பாதிக்கிறார். மகளுக்கு 12 வயது. பெரிய செலவு, வைத்தியச் செலவு என்று எதுவும் வராமலே எங்கள் கார்டு பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அந்த மாதம் 41 செலவுகள். அதில் 17 எதற்குச் செய்தவை என்று எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை. எல்லாம் சின்னச் சின்னத் தொகை, கார்டைத் தேய்த்த கையோடு மறந்துபோனவை.

அதே தாளின் மேலே இரண்டு தொகைகள் இருந்தன. கட்ட வேண்டிய முழுத்தொகை ஒன்று, அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் டியூ இன்னொன்று. எட்டு மாதமாக நாங்கள் கட்டி வந்தது சின்னதை. கட்டியாகிவிட்டது என்ற நிம்மதியும் இருந்தது. அன்றைக்குத்தான் கால்குலேட்டரை எடுத்தேன். வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 100. புதிதாக ஒன்றுமே வாங்காமல், மினிமம் டியூவை மட்டும் தவறாமல் கட்டினால், ஒரு வருடத்தில் 55 கட்டியிருப்போம். பாக்கி 77-ல் நிற்கும். கட்டிய 55-ல் 32 வட்டிக்கே போயிருக்கும். பாக்கி பாதியாவதற்கு 32 மாதம் ஆகும். நாங்களோ வாங்குவதையும் நிறுத்தவில்லை. முழுத்தொகையைக் கட்டாவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்களும் போய்விடும்; புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். சம்பளம் வந்ததும் வாடகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போய்விடும். அந்தப் பழைய பாக்கிக்கும் ஒரு தொகை போனது. அது தீர 11 மாதம் பிடித்தது. மிச்சமிருப்பதில் அன்றாடச் செலவுக்கு வாரம் ஒரு தொகை. சனிக்கிழமை ஏடிஎம்மில் எடுத்து ஒரு பழுப்புக் கவரில் போட்டு வைப்போம். முதலில் காய்கறிக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கவர் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, எது எவ்வளவு என்றே தெரியாமல் போனது. வாரத்துக்கு ஒரே கவர்தான் எங்களுக்குச் சரிப்பட்டது.

முதல் மாதம் மூன்றாவது கவர் புதன்கிழமையே காலி. அந்த மூன்று நாள் வீட்டில் இருந்ததை வைத்தே ஓட்டினோம். ஆனால் பணம் எங்கே போனது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கவரின் பின்பக்கத்திலேயே பென்சிலில் எழுதியிருந்தது.

பாயின்ட்டும் வட்டியில்லா நாட்களும் வீணாகின்றனவே என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாதாமாதம் முழுத்தொகையும் கட்டுகிறவர்களுக்கு அது லாபம்தான். ஆனால் கார்டு கையில் இருந்தால் செலவே பெருகுகிறது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு மாணவர்களை ஏலம் கேட்க வைத்தார்கள். ரொக்கம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு வரை கேட்டார்கள், கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரிய நோட்டை மாற்ற நம் யாருக்கும் எளிதில் மனசு வராது. அதை மாற்றிய பிறகு சில்லறை எப்படிக் கரைகிறது என்றும் எல்லோருக்கும் தெரியும். அதனால் கவரில் பெரிய நோட்டாகவே வைக்கிறேன்.

போன மாதம் ஒரு வாரக் கவரை மகளிடமே கொடுத்துவிட்டேன். கடைக்குப் போய் வந்து, மீதிச் சில்லறையை மேஜைமேல் கொட்டி அடுக்கினாள். கவரைத் திருப்பிப் போட்டுக் கழித்தல் போட்டாள். இரண்டு தடவை எண்ணிவிட்டு, “சனிக்கிழமை வரைக்கும் இவ்வளவுதான்மா இருக்கு. கலர் பேனா செட் அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேனா செட்டுக்காக அவள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கார்டை நாங்கள் வெட்டிப் போடவில்லை, பீரோவில் இருக்கிறது. வெளியூர் டிக்கெட், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்றால் வெளியே வரும். கெடு தேதிக்கு முன்பே முழுத்தொகையும் கட்டிவிடுவோம். ரொக்கத்துக்கு மாற நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பணத்தைச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அப்புறம், மாதப் பணம் மொத்தத்தையும் வீட்டில் வைக்காதீர்கள். ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கார்டு சலுகைகளை அட்டவணை போட்டு ஒப்பிடும்போது, மினிமம் டியூ மட்டும் கட்டினால் ஒரு வருடத்தில் எவ்வளவு பாக்கி நிற்கும் என்று ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரிசை சேர்த்துப் போடுங்கள். போன வருடம் அப்படி ஒரு வரிசையை உங்கள் பக்கத்தில் பார்த்திருந்தால், அந்த எட்டு மாதத்தில் இரண்டாவது மாதமே நான் கால்குலேட்டரை எடுத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி