அந்த 'ம்' போதும்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி நீ மறுபடியும் மைதானத்தில் நிற்கிறாய் என்பதே பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

5000 மீட்டரை 20 நிமிடத்தில் ஓடும் உன் மாணவிக்கு மெதுவோட்ட வேகம் கேட்டிருந்தாய். பந்தயத்தில் அவள் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் எடுக்கிறாள். அதோடு 75 முதல் 110 விநாடி வரை கூட்டிக்கொள். ஏறத்தாழ 5:15 முதல் 5:50 வரை வரும். முந்தின நாள் கடுமையான இன்டர்வல் (வேகமாக ஓடி, இடையிடையே இளைப்பாறும் பயிற்சி) என்றால் ஆறு நிமிடத்தைத் தாண்டினாலும் ஒன்றும் சொல்லாதே. கணக்குக்கு எடுக்க வேண்டியது அவள் அண்மையில் ஓடிய நேரம். அவள் அப்பா ஆசைப்படும் நேரம் அல்ல! 5:15 என்பது அதைவிட வேகமாகப் போகக் கூடாத எல்லை, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

என் குழுவில் ஒருத்தி, பக்கத்தில் யார் வந்தாலும் அரையடி முன்னால் போயே தீருவாள். ஏதாவது கேட்டால் 'ம்' என்று மட்டும் பதில் வரும். முழு வாக்கியமாகப் பேச முடியாத ஓட்டம் மெதுவோட்டமே இல்லை. அந்த 'ம்' கேட்டதும் அவளைத் தனியாக ஓட அனுப்பிவிடுகிறேன். பையன்களின் கூட்டத்தோடு இந்தப் பெண்களை ஓடவிடாதே. அவர்களுக்கு மெதுவாக இருப்பது இவர்களுக்குப் பாதிப் பந்தயம். 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பைச் சொல்லும் கணக்கையும் நம்பாதே. ஒரே வயதுப் பெண்கள் இருவருக்கு உண்மையான உச்சத் துடிப்பு வெகுவாக மாறலாம்.

உண்மையில் என்னை உறுத்தியது நீ கடைசியில் எழுதிய வரி. போன பருவத்தில் சுலபமாக ஓடிய வேகத்திலேயே இப்போது உன் மாணவிக்கு மூச்சு வாங்குகிறது என்றாயே, அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதே. வளரும் வயதில் உடல்வாகு மாறும்போது சில காலம் நேரம் முன்னேறாமல் நிற்பது இயல்புதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படித்தான் தெரியும். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பில் விரிசல் விழலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். நீ கேட்கக் கூச்சப்பட்டால் அவள் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்.

இரத்தப் பரிசோதனையில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்; ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது குறைந்திருக்கலாம். அதுவரை இன்டர்வலை நிறுத்தி வை. முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி